கருக முடியாத கறி

கல்முனைக்குடியில் அந்த நாளில் கச்சிமுகம்மது என்ற பெயரில் பலர் இருந்தார்கள். சைக்கிள் திருத்துகிறவர் ஒருவர், கடற்கரையில் தோணி வைத்திருந்தவர் ஒருவர், பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர் ஒருவர். ஆகவே ஆளுக்கொரு பட்டப்பெயர் இல்லாமல் காரியம் நடக்காது. பள்ளிக்குப் பின்னால் குடியிருந்த கச்சிமுகம்மதுவுக்கு வாய்த்த பட்டப்பெயர் ‘கருகல்’. அதை அவர் தாமாகத் தேடிக்கொள்ளவில்லை. வாப்பாவிடமிருந்து வந்தது. கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குக் குடிபோனபோது அதுவும் கூடவே போனது.

வாப்பா பக்கீர் முகைதீன் விருந்துகளுக்குச் சமைப்பவர். ஒரு கந்தூரி விருந்தில், சோற்றுக் கிடாரத்தை இறக்க வேண்டிய நேரத்தில் துஆப் பிரார்த்தனை தொடங்கிவிட்டது. முடியும்வரை சத்தம் காட்ட வேண்டாம் என்று யாரோ கையைக் காட்டினார்கள். அவரும் கைகளை ஏந்திக்கொண்டு அடுப்பருகில் நின்றார். துஆ நீண்டது. சோறு அடிப்பிடித்தது. அன்றைக்கு வந்த பெயர் அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போகும்வரை போகவில்லை. அதற்குப் பிறகு அவர் கையில் ஒரு பருக்கைகூடக் கருகியதில்லை என்பதை ஊர் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளும்போதும், “கருகல் ஆக்கினா ஒரு பருக்கை கருகாது” என்றுதான் சொன்னது.

மகனும் அதே தொழிலைப் பார்த்தார். ஆனால் வாப்பாவைக் கூப்பிட்ட வீடுகள் மகனைக் கூப்பிடவில்லை. வாப்பாவின் சோற்றை அவர்கள் தின்றிருந்தார்கள். மகனைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது பெயர் மட்டும். சோறு ஆக்குகிறவரை ஒதுக்க அது போதுமான தகவலாக இருந்தது.

எழுபத்தேழின் கடைசியில் அவர் சவூதிக்குப் போனார். தம்மாமில் ஒரு கட்டடக் கம்பனியின் குசினி. கோக்கி, அதாவது சமையற்காரர் வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் சோற்றுக்கும் இறைச்சிக்கும் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். பெரிய கோக்கி லெபனான்காரர். அவர் புதியவரின் கைகளைத் திருப்பிப் பார்த்தார், ஒரு கத்தியைக் கொடுத்தார், மூலையில் கிடந்த கோவா என்கிற முட்டைக்கோசு மூடைகளைக் காட்டினார். ஊருக்குத் திரும்பும் நாள்வரை கச்சிமுகம்மது கோவா வெட்டினார்.

ஒரே வேலையை அவ்வளவு காலம் செய்தால் அதில் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும். கோவாவை நாலாகப் பிளந்து நடுத்தண்டை எடுத்துவிட வேண்டும். இலை நரம்புக்குக் குறுக்காக வெட்ட வேண்டும். நரம்போடு வெட்டினால் நார் பல்லில் சிக்கும். பச்சையாகக் கொடுப்பதென்றால் நூல்போல மெல்லிசு, சமைப்பதென்றால் விரல் அகலம். பச்சைக்கு வெட்டியதில் உப்பைத் தூவிப் பிசைந்து, பொறுத்திருந்து, ஊறிவரும் தண்ணீரைப் பிழிந்து கொட்ட வேண்டும். பிழியாமல் தயிரையோ தேசிப்புளி என்கிற எலுமிச்சைச் சாற்றையோ சேர்த்தால் கொஞ்ச நேரத்தில் பாத்திரம் குளமாகிவிடும். முழு இலை தேவையென்றால் முழுக் கோவாவையும் கொதிநீரில் இறக்கி, வெளியிலை தானாகக் கழலும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இழுத்தால் கிழியும். அந்த இலையில் கொத்திறைச்சியையும் அரிசியையும் வைத்துச் சுருட்டி, நெருக்கமாக அடுக்கி அவித்தால் அதற்கு மல்ஃபூஃப் என்று பெயர். பச்சையாகப் பிசைந்து வைப்பதற்கு ஸலத்தா என்று பெயர். கச்சிமுகம்மதுவுக்கு ஓதல் தவிர அறபு மொழியில் நன்றாகத் தெரிந்த சொற்கள் இவைதாம்.

அவர் அங்கே இருந்தபோதுதான் எழுபத்தெட்டுச் சூறாவளி இங்கே அடித்தது. மனைவி சுஹறாவும் மகள் கமீலாவும் பள்ளிவாசலில் ஒதுங்கித் தப்பினார்கள். வீட்டின் ஓடுகள் போயின. கரையோரத்துத் தென்னைகள் மட்டக்களப்புப் பக்கமிருந்து பொத்துவில் பக்கம்வரை விழுந்து கிடந்தன. எண்பத்தொன்றில் அவர் திரும்பி வந்தபோது புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகள் இடுப்பளவில் நின்றன. தேங்காய் வெளியூரிலிருந்து லொறியில் வந்தது. சுண்டலுக்குத் தேங்காய்ப்பூ போடும் வீடுகளில் அதைக் கண்ணால் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வரும் வழியில் அவர் ஹஜ்ஜையும் முடித்திருந்தார். இனி ஊர் தம்மை ஹாஜியார் என்று கூப்பிடும் என்பது அவருடைய எண்ணம். ஊரும் கூப்பிட்டது. கருகல் ஹாஜியார் என்று கூப்பிட்டது.

வந்த புதிதில் ஒரு பகல் வீட்டாருக்கு மல்ஃபூஃப் செய்தார். சுஹறா பீங்கான் தட்டைப் பார்த்தாள்.

“என்ன இது, பொதி கட்டி வெச்சிரிக்கீங்க?”

“தின்னு, தெரியும்.”

அவள் ஒவ்வொன்றையும் பக்குவமாகப் பிரித்து, உள்ளே இருந்ததைத் தின்று, இலைகளை மடித்துப் பீங்கான் ஓரத்தில் அடுக்கினாள். கமீலாவும் அப்படியே செய்தாள்.

“இலையில நல்ல வாசம் வாப்பா,” என்றாள் கமீலா.

“இலையயும் தின்னணும் மகள்.”

“கொழுக்கட்டைய வாழையிலையோடயா தின்னுற?” என்று சுஹறா கேட்டாள். “இல்லாட்டி, அங்க அப்பிடியா பழக்கம்?”

இலைகள் அயல் வீட்டு ஆட்டுக்குப் போயின.

அடுத்த வருடம் கமீலாவுக்குச் சம்பந்தம் வந்தது. பையன் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஜெமீல். பெரிய தெருவில் சொந்தமாகப் பேக்கரி வைத்து, பாண் ரொட்டியும் பணிஸ் என்கிற பன்னும் போட்டான். வாப்பா இல்லை, உம்மா அஸீஸாதான் எல்லாம். அஸீஸா வந்து கமீலாவைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

“எங்களுக்கு உங்கட புள்ளயப் புடிச்சிரிக்கி. ஊடும் நல்ல ஊடு. ஒண்டுதான் யோசின.”

“என்னெண்டு சொல்லுங்க,” என்றார் கச்சிமுகம்மது.

“பேர்.”

“கமீலாக்கு என்ன?”

“அவட பேரில்ல காக்கா. உங்கட பேர்.” அஸீஸா குரலைத் தாழ்த்தினார். “மாப்புள எண்டா பொண்ணூட்டுக்குத்தானே வரணும். வந்து குந்தின மறுநாளே அவனக் கருகல்ட மருமகன் எண்டுவாங்க. அவன் பாண் போடுறவன். மறுகா அந்தப் பாண என்ன பாண் எண்டு சொல்லுவாங்க? நீங்களே சொல்லுங்க.”

யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

“அது எங்கட வாப்பாக்கு வெச்ச பேர்,” என்றார் கச்சிமுகம்மது.

“அவர் மௌத்தாகிட்டார். பேர் மௌத்தாகல்லயே. மாறினா சொல்லியனுப்புங்க, அடுத்த நாளே வாறம். வேற ஒரு குறையும் எங்களுக்கில்ல.”

அவர் போன பிறகு கமீலா உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. சுஹறா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். கச்சிமுகம்மது கதிரையில் இருந்தபடி யோசித்தார். பட்டப்பெயர் அழிவதில்லை, அதற்கு மேல் இன்னொன்று ஏறினால்தான் அது மறையும். ஹாஜியார் ஏறவில்லை, பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. ஏறக்கூடியதாக ஒன்று வேண்டும். அவருடைய மனதில் இருந்தது ‘அறபுக் கோக்கி’. அதற்கு ஊர் கூடித் தின்கிற ஒரு விருந்து வேண்டும்.

அந்த விருந்து அப்துல் ஸமட் போடியார் வீட்டில் வந்தது. மூன்று வயற்கண்டங்களில் காணியும், பட்டி நிறைய எருமையும் வைத்திருந்தவர். மகளின் கலியாணம். சோறும் இறைச்சியும் ஆக்க வேறு ஆள் பேசியாகிவிட்டது. கச்சிமுகம்மது போய் நின்றதும் போடியார் நேரடியாகவே கதைத்தார்.

“கச்சி, உன்னில எனக்கொரு கோவமும் இல்ல. ஆனாச் சோத்துக் கிடாரத்துப் பக்கம் நீ வரப்படாது. பார்த்தாலே சனம் மோந்து பாக்கும்.”

“சோறு வேணாம் போடியார். கோவா தாங்க.”

“கோவாச் சுண்டலா? இவ்வளவு சனத்துக்குத் தேங்காய்க்கு நான் எங்க போற?”

“தேங்காய் தேவல்ல. தயிர் போதும். உங்கட பட்டியிலயே இரிக்கி. அடுப்பும் தேவல்ல. பச்சையாக் குடுக்கிறது.”

“பச்சையாவா? மனிசன் தின்னுவானா?”

“அங்க அறபியெல்லாம் தின்னுறான்.”

“அவன் ஒட்டகத்தயும்தான் தின்னுறான்.” போடியார் தாடியைத் தடவினார். பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. “அடுப்பே இல்லயா?”

“இல்ல.”

“அப்பக் கருகாது.”

“கருக வழியில்ல.”

“சரி, அத நீயே செய்,” என்றார் போடியார்.

கல்முனைச் சந்தையில் பாலம்மா மரக்கறி விற்றாள். மலைநாட்டுக் கோவா லொறி அவளுடைய இடத்தில்தான் முதலில் நிற்கும். கச்சிமுகம்மது கோவாவை ஒவ்வொன்றாகத் தூக்கி, விரலால் தட்டி, கையில் அமுக்கிப் பார்த்தார். பாரமும் இறுக்கமும் உள்ளவற்றை ஒரு பக்கம் வைத்தார்.

“தேங்காய் தட்டுறாங்க, பூசினிக்காய் தட்டுறாங்க,” என்றாள் பாலம்மா. “கோவாவத் தட்டுற ஒராள் நீங்கதான் காக்கா. உள்ளுக்க ஆராச்சும் பதில் சொல்லுறாங்களா?”

“காத்துப் போனது பொத்துப்பொத்தெண்டு சொல்லும்.”

“அப்ப என்ட யாவாரத்தப் பத்தியும் அதுக்கிட்டயே கேளுங்க,” என்றவள் மூடையைப் பிடித்துக்கொண்டாள்.

கலியாணத்தன்று அவர் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வெட்டத் தொடங்கினார். வெட்டி, உப்பிட்டு, பிழிந்து, கரட்டையும் வெங்காயத்தையும் மெல்லிசாகச் சேர்த்தார். தயிரைத் துணியில் வடித்து, தேசிப்புளி, மிளகுத்தூள், கொஞ்சம் சீனி கலந்து கடைசி நேரம்வரை வேறாக வைத்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. பெயர் ஏற வேண்டும் என்பதற்காக ஓர் ஏற்பாடும் செய்தார். பரிமாறும் றஸாக்கைக் கூப்பிட்டார். றஸாக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். குரலுக்குப் பஞ்சமில்லை.

“றஸாக், கோவா எண்டு சொல்லாத. ஸலத்தா எண்டு சொல்லு. அறபுச் சாமான்.”

“ஸலத்தா.”

“ஓம். கேக்கிற மாதிரிச் சொல்லணும்.”

அந்த அறிவுரை றஸாக்குக்குத் தேவையில்லை.

பந்தலில் பாய் விரித்து, ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேராகச் சனம் இருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சோற்றில் கை வைத்த நேரம். றஸாக் பேசினைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கூவினார்.

“ஸலத்தா! ஸலத்தா!”

முன்வரிசையில் இருந்த வயதான மரைக்காருக்குக் காது அரைவாசிதான் கேட்கும். அவர் காதில் ஸலவாத்து என்று விழுந்தது. நபியை வாழ்த்தும் ஸலவாத்தைச் சொல்லக் கேட்டால் சொல்லாமல் இருக்கக் கூடாது. அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். பக்கத்தில் இருந்த பள்ளிவாசல் லெப்பை அதைப் பார்த்துத் தாமும் எடுத்து, உரத்துத் தொடங்கினார். பந்தல் முழுவதும் கையை எடுத்து ஸலவாத்துச் சொன்னது. வீட்டுக்குள் இருந்த பெண்கள் கேட்டு அவர்களும் சொன்னார்கள். அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள். கோவாப் பாத்திரத்தருகில் நின்ற கச்சிமுகம்மதுவும் சொன்னார். ஏன் என்று அவருக்கும் தெரியாது.

முடிந்தது. பேசினோடு நின்று தானும் சொல்லி முடித்த றஸாக், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

“ஸலத்தா! ஸலத்தா வருது!”

பந்தல் இன்னொரு முறை கையை எடுத்தது.

அதுவும் முடிந்ததும் லெப்பை கையைக் காட்டி றஸாக்கைக் கிட்டக் கூப்பிட்டார். இறைச்சிக்கறியில் நெய் உறையத் தொடங்கியிருந்தது.

“தம்பி றஸாக், என்ன விசேசம்?”

“விசேசம் ஒண்டுமில்ல ஹஸரத். கோவா.”

“கோவாவா?”

“பச்சக் கோவா. அறபில அப்பிடித்தானாம்.”

லெப்பை பேசினை எட்டிப் பார்த்தார். “சொன்ன ஸலவாத்து வீண்போகாது,” என்றார். “வெய், பாப்பம்.”

சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பந்தலின் கடைசிப் பாய்வரை போயிற்று. அங்கே போய்ச் சேர்ந்தபோது யாரோ கோவாவை வாயில் போட்டுவிட்டிருந்தார்.

“இது அவியல்லயே?”

“வாப்பா கருக்கினார். மகன் அடுப்பே மூட்டல்ல.”

அவ்வளவுதான். சஹன்கள் திரும்பி வந்தபோது அவற்றில் கோவா மிஞ்சியிருக்கவில்லை. சிலர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியிருந்தார்கள். லெப்பை மூன்றாம் முறையும் வாங்கினார். ஆனால் ருசிக்கும் பட்டப்பெயருக்கும் சம்பந்தமில்லை. ஸலவாத்தைப் பட்டப்பெயராக வைக்க முடியாது; ஊருக்கு அந்த அளவு அடக்கம் உண்டு. றஸாக் சொன்னதில் மிச்சமிருந்த சொல்லை அது எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை சைக்கிள் திருத்தும் கச்சிமுகம்மது தெருவில் ஸலாம் சொன்னார்.

“என்ன பச்சை ஹாஜியார், சுகமா?”

கருகல் போய்விட்டது. அதை ஒருவரும் மறுக்க முடியாது.

அஸீஸாவும் அந்த விருந்துக்கு வந்து, பச்சை என்ற பேச்சை அங்கேயே கேட்டிருந்தார். போகும்போது சுஹறாவை வாசலில் பிடித்துக்கொண்டார்.

“மச்சி, கோவிச்சுக்காதீங்க. கருகின பாணயாவது சுரண்டிப் போட்டுத் தின்னலாம். பச்சப் பாண என்ன செய்யிற?”

சுஹறா அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் பங்குக்கும் கொஞ்சம் சொன்னாள்.

“கருகலோடயே இரிந்திருக்கலாம். அது வாப்பா தந்தது. இது நீங்களாத் தேடினது.”

“தின்னாங்கதானே எல்லாரும்?”

“தின்னதா கேக்கிறாங்க? புள்ள ஊட்டுக்குள்ள இரிக்கா.”

விருந்தின் மறுநாள், பகல் தாண்டியதும் அவர் எழுந்தார். சாறனை மாற்றிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனார்.

பின்நேரம். காலைப் பாண் விற்று முடிந்து, போறணை அடுப்பு அடங்கிக் கிடந்தது. ஜெமீல் மாவு மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நெஞ்சுவரை மாவு. மாமாவாக வர வேண்டியவரைக் கண்டதும் நிமிர்ந்து சாறனை இறக்கிவிட்டான்.

“வாங்க மாமா.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“உனக்கும் அந்தப் பேரில யோசினயா?”

“எனக்கொண்டுமில்ல. உம்மாக்குத்தான்.” ஜெமீல் தரையைப் பார்த்தான். “ஆனாக் காலைல ரெண்டு பேர் வந்து, பச்சப் பாண் இரிக்கா எண்டு கேட்டாங்க. இன்னும் மருமகனாகவும் இல்ல.”

கச்சிமுகம்மது போறணை வாயருகில் போய்க் கையை நீட்டிப் பார்த்தார். சூடு இன்னும் நன்றாக இருந்தது.

“இதில இப்ப என்ன செய்யிற?”

“சும்மாதான் கிடக்கும். அந்திக்குப் பணிஸ் போடுற.”

“பணிசுக்குள்ள?”

“ஒண்டுமில்ல. சீனி.”

அவர் கடைத்தெருவுக்குப் போய் வேண்டியதை வாங்கிவந்து, அடுப்பங்கரை மூலையில் ஒரு தாச்சிச் சட்டியை வைத்து வேலையைத் தொடங்கினார். கொத்திறைச்சி, வெங்காயம், பச்சைமிளகாய், மிளகு, கொஞ்சம் கறுவாப்பட்டை. சமைப்பதற்குரிய கோவா என்பதால் விரல் அகலத்தில் வெட்டி, வதக்கிச் சேர்த்தார். மல்ஃபூஃபுக்குள் போவதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் பணிஸை யாரும் பிரித்துப் பார்த்து வெளியே இருப்பதை ஆட்டுக்குப் போட மாட்டார்கள். அதுதான் அவருடைய கணக்கு. ஜெமீல் மாவை உருட்டி, உள்ளீட்டை வைத்து மூடி, போறணைக்குள் தள்ளினான்.

வெளியே எடுத்தபோது மேலே பொன்னிறமாக இருந்தது. ஜெமீல் ஒன்றைப் பிட்டுப் பார்த்தான். கீழ்ப்பக்கம் கோவாத் தண்ணீர் குடித்து மாவு அப்படியே ஒட்டியது. அவன் தொழில்காரன். யோசிக்காமல் சொல்லிவிட்டான்.

“மாமா, இது பச்ச.”

கச்சிமுகம்மது மிச்சப் பணிஸ்களையும் ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்த்தார்.

மறுநாள் கச்சிமுகம்மது கோவாவை ஸலத்தாவுக்கு வெட்டுவதுபோல நூலாக வெட்டினார். உப்பிட்டார். பொறுத்தார். துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தார். பிழிந்ததைத் தாச்சியில் இட்டு, தாச்சி சத்தம் போடுவதை நிறுத்தும்வரை கிளறினார். சத்தம் நின்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். லெபனான்காரர் இப்படிச் செய்ததில்லை. அவர் பணிஸும் போட்டதில்லை. அந்த நாள் பணிஸைப் பிட்டபோது அடிப்பக்கம் விரலில் ஒட்டவில்லை. ஜெமீல் இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதை உம்மாவுக்கென்று எடுத்து வைத்தான். பிறகு அதையும் தின்றான்.

பேக்கரிக்குப் பக்கத்தில் கலந்தரின் தேத்தண்ணிக் கடை. பணிஸ் தட்டம் அங்கேதான் போகும். அந்தி நேரத்தில் வயலிலிருந்து வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், ஒரு வேலையும் இல்லாதவர்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். முதல் நாள் தட்டம் திரும்பி வந்தது, வெறுமையாக. இரண்டாம் நாள், தட்டம் போகுமுன்பே கேள்வி வந்தது.

“கலந்தர், கோவா இரிக்கா?”

“இன்னும் வரல்ல.”

உள்ளீடு கல்முனைக்குடியில் கச்சிமுகம்மதுவின் வீட்டில் தயாராகி, சட்டியில் கட்டி, சைக்கிளின் பின்னால் வரும். ஆகவே தேத்தண்ணிக் கடையில் இருப்பவர்களின் கண் தெருவில்தான் இருந்தது. சைக்கிள் வளைவில் தெரிந்தால் போதும்.

“கோவா வருது!”

“எங்க?”

“அந்தா, பள்ளியடியால கிறுகுது.”

அப்படிக் கிறுகித் திரும்புவது சட்டியா, சைக்கிளா, ஆளா என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. ஒரு நாள் மழையில் அவர் பிந்திவிட்டார். “கோவாக்குச் சுகமில்லையோ?” என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு சந்தேகம் இருக்கவில்லை. மழை விட்டதும் கல்முனைக்குடியிலும் அவரைக் கோவா என்றே சொன்னார்கள். பச்சை என்ற பெயர் சொல்ல நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊருக்கு அந்தியில் பசிக்கும்.

அஸீஸா காதால் கேட்டதை நம்புகிறவர் அல்ல. சாய்ந்தமருதில் விசாரித்தால் மகனுக்காக இனிக்கச் சொல்வார்கள். கல்முனைக்குடியில் விசாரித்தால் கமீலாவுக்காகச் சொல்வார்கள். ஆகவே ஒரு காலை அவர் கல்முனைச் சந்தைக்கு வந்து, இரு பக்கத்துக்கும் சொந்தமும் பகையும் இல்லாத ஒருத்தியாகப் பார்த்து, பாலம்மாவிடம் போனார். வீடு அவருக்குத் தெரியும். பெயர்தான் தெரிய வேண்டியிருந்தது.

“தங்கச்சி, பள்ளிக்குப் பின்னால கச்சிமுகம்மது எண்டு ஒராள்ட ஊடு எது?”

“அங்க கனபேர் இரிக்காங்களே அக்கா.”

“கருகல் எண்டு சொல்லுவாங்களாம்.”

“கருவாடா? அங்கால மீன் பக்கம் போங்க.”

“இல்ல புள்ள. பச்சை எண்டும் சொல்லுவாங்களாம்.”

“பச்சமிளகாயா? எவ்வளவு நிறுக்க?” பாலம்மா தராசைத் தூக்கிவிட்டாள். பிறகு நிறுத்தி யோசித்தாள். “நீங்க கோவாக் காக்காவயா கேக்கிறீங்க? தட்டித் தட்டி வாங்குறவர்? இப்பதான் ஒரு மூடையோட போறார். அந்தச் சைக்கிளப் புடிச்சா ஊட்டுக்கே கூட்டிட்டுப் போவார்.”

“கோவாவா?”

“ஓம் அக்கா. கோவாக் காக்கா எண்டா சின்னப்புள்ளைக்கும் தெரியும்.”

அஸீஸா கேட்டுவிட்ட தோஷத்துக்காகப் பச்சைமிளகாய் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பினார். மறுநாள் பின்நேரம் சீனிச்சாமான் தட்டத்தோடு கச்சிமுகம்மது வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

“கோவா பரவாயில்ல,” என்றார், கதிரையில் இருந்தபடி. “அது பாணுக்குக் கேடில்ல.”

உள்ளறையில் ஏதோ பாத்திரம் கைதவறி விழுந்தது. சுஹறா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வந்து இருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

கலியாணம் எண்பத்துமூன்றின் தொடக்கத்தில், போகம் வெட்டிய கையோடு நடந்தது. கச்சிமுகம்மது பொண்ணுக்கு வாப்பா. அன்றைக்கு அவர் சமைக்கக் கூடாது என்று சுஹறா சொல்லிவிட்டாள். புதுச் சாறன், வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை, தலையில் ஹஜ்ஜில் வாங்கிய தொப்பி. சமையலுக்கு நல்ல ஆளாகப் பிடித்திருந்தார். நெய்ச்சோறு, இறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, அச்சாறு, வட்டிலப்பம். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. கோவா வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். வருகிறவர்களுக்கு எப்போது பார்த்தாலும் கோவாவா என்று இருக்கக்கூடாது என்பது அவருடைய எண்ணம்.

நிக்காஹ் முடிந்தது. ஜெமீல் நெஞ்சில் மாவு இல்லாமல் வேறு யாரோபோல இருந்தான். சஹன்கள் வந்தன. சனம் சுற்றி இருந்தது. ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. மாப்பிள்ளைப் பக்கத்துப் பாய் ஒன்றிலிருந்து கலந்தரின் குரல் வந்தது.

“கோவா எங்க?”

“இஞ்சதான் நிக்கிறன்,” என்றார் கச்சிமுகம்மது.

“உங்களயில்ல. கோவா.”

“அது இண்டைக்கு இல்ல.”

பந்தலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோவாட வீட்டுக் கலியாணத்தில் கோவா இல்லை என்பதை ஒரு பாய் அடுத்த பாய்க்குச் சொன்னது. பெண்கள் பக்கத்துத் திரை விலகி அஸீஸாவின் தலை தெரிந்தது.

“என்ன மச்சான்? எங்கட ஆக்களுக்கு நாங்க என்ன சொல்லுற?”

கச்சிமுகம்மது சால்வையை எடுத்துக் கதிரையின் முதுகில் போட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். நாளைய பணிஸுக்கென்று வாங்கிய மூடை குசினி மூலையில் கிடந்தது. ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். நாலாகப் பிளந்தார். தண்டை எடுத்தார்.

“உப்புப் போட்டா கொஞ்சம் பொறுக்கணும்,” என்று வாசலைப் பார்த்துச் சொன்னார்.

பந்தல் பொறுத்தது.